மூன்று மில்லிமீட்டர் கல்

அமெரிக்கப் புறநகர்களில் 1970களிலும் 80களிலும் கட்டிய வீடுகளுக்குள் நுழைந்தால், கூடத்தின் ஒரு சுவர் தரையிலிருந்து கூரை வரை சிவப்புச் செங்கல்லாக நிற்பதைப் பல இடங்களில் பார்க்கலாம். அதன் நடுவில் கணப்பு இருக்கும். இன்று அந்த வீட்டை வாங்குகிறவர்களில் பலருக்கு அந்தச் செங்கல் பிடிப்பதில்லை, கூடத்தையே இருட்டாக்குகிறது என்கிறார்கள். அவர்களுக்கு வேண்டியது மூட்டுகள் தெரியாத, மழமழப்பான, சாம்பல் நிறக் காங்கிரீட் முகப்பு. அசல் காங்கிரீட்டில் வார்க்கப் பணம் போதாது. அதனால் ஒரு பை சிமெண்ட் பூச்சு, ஒரு கரண்டி, கொஞ்சம் உப்புத்தாள் என்று வாங்கிவந்து தாங்களே வேலையில் இறங்குகிறார்கள். சில நாள்களில் செங்கல் மறைந்துவிடுகிறது.

பார்ப்பதற்கு இது வெறும் அலங்கார வேலை. ஆனால் சிமெண்ட் என்பது தண்ணீரை உள்ளே பூட்டிவைத்திருக்கும் கல். அதைத் தீக்குப் பக்கத்தில் வைக்கும்போது அந்தத் தண்ணீர் எப்போது, எவ்வளவு வெளியேறும் என்ற கேள்வி வந்துவிடுகிறது. குறைந்த செலவில் கட்டிய ஒரு கணப்பு முகப்பு இருபது ஆண்டு நிற்பதும் இரண்டே குளிர்காலத்தில் உரிந்து விழுவதும் அந்தக் கேள்விக்கான பதிலைப் பொறுத்தவை.

காங்கிரீட்டை மறைக்காமல் காட்டலாம் என்ற துணிச்சல் 20ஆம் நூற்றாண்டின் நடுவில்தான் பரவலாக வந்தது. மார்செய் நகரில் 1947 முதல் 1952 வரை கட்டடக் கலைஞர் லெ கொர்புசியே எழுப்பிய அடுக்குமாடிக் குடியிருப்பில், சென்ட்ரிங் பலகைகளின் மர ரேகைகள் சுவரில் அப்படியே பதிந்திருந்தன. மேலே பூச்சு எதுவும் இல்லை. அவர் சண்டிகரில் கட்டியவற்றை நம் நாட்டிலேயே போய்ப் பார்க்கலாம். ஜப்பானில் டடாவோ ஆண்டோ அந்தப் பாதையை வேறு பக்கம் திருப்பினார். ஒசாகாவை அடுத்த இபாராகியில் 1989இல் முடிந்த ஒளித் தேவாலயத்தின் சுவர்கள் தொட்டால் வழுக்கும் அளவுக்கு வழவழப்பானவை. சென்ட்ரிங்கை இறுக்கிப் பிடித்த கம்பிகளின் வட்டத் தடங்கள் மட்டும் சீரான இடைவெளியில் தெரியும். இன்றைய வீட்டுக் கணப்புகள் பின்பற்றுவது பெரும்பாலும் ஆண்டோவின் இந்தச் சுவரைத்தான். மெல்லிய பூச்சில் அந்த வட்டத் தடங்களைக்கூடப் பொய்யாகக் குடைந்து வைப்பவர்கள் உண்டு. அந்தச் சாம்பல் நிறத்துக்கு முக்கியக் காரணம் இரும்பு. சிமெண்ட் செய்யும் களிமண்ணோடு வருகிற இரும்பு ஆக்சைடைப் பெரிதும் குறைத்துவிட்டால் கிடைப்பது வெள்ளைச் சிமெண்ட்.

செலவு எங்கே மிச்சமாகிறது என்பதை ஒரு சிறு கணக்கு காட்டிவிடும். முகப்பு 5 அடி அகலம், 8 அடி உயரம் என்று கொள்வோம். நடுவில் 3 அடிக்கு 2 அடி 4 அங்குலம் வாய். வாயைக் கழித்தால் பரப்பு ஏறக்குறைய 3 சதுர மீட்டர். அதை 10 சென்டிமீட்டர் கனத்தில் அசல் காங்கிரீட்டாக வார்த்தால், ஒரு கன மீட்டர் காங்கிரீட் 2,400 கிலோ என்ற கணக்கில், எடை 700 கிலோவைத் தாண்டும். அமெரிக்க வீடுகளின் மரத்தளங்கள் சதுர அடிக்கு 40 பவுண்டு, அதாவது சதுர மீட்டருக்குச் சுமார் 195 கிலோ, பயன்பாட்டுச் சுமையைத் தாங்குமாறு வடிவமைக்கப்படுகின்றன. ஐந்தடி நீளக் கீற்றில் 700 கிலோவை நிறுத்த வேண்டுமானால் அடியில் தனியாக அஸ்திவாரம் போட்டாக வேண்டும். அதே பரப்பில் 3 மில்லிமீட்டர் பூசினால் எடை ஏறக்குறைய 20 கிலோதான். அஸ்திவாரம் வேண்டாம், கம்பி கட்ட வேண்டாம், சென்ட்ரிங் வேண்டாம். கண்ணுக்குத் தெரிவது ஒரே சாம்பல் பரப்புதான். சுமையை ஏற்கெனவே நிற்கிற செங்கல் தாங்கிக்கொள்கிறது.

இனி அந்த 3 மில்லிமீட்டருக்குள் நடப்பதைப் பார்ப்போம்.

சிமெண்ட் காய்ந்து இறுகுகிறது என்று பேச்சில் சொல்கிறோம். அது தண்ணீரைக் குடித்துத்தான் இறுகுகிறது. இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் கொத்தனாராக இருந்த ஜோசப் ஆஸ்ப்டின் 1824இல் போர்ட்லேண்ட் சிமெண்டுக்குக் காப்புரிமை பெற்றார். அவர் செய்த சரக்கு இன்றைய சிமெண்ட் அளவுக்குச் சுடப்படாதது. இன்று சுண்ணாம்புக்கல்லையும் களிமண்ணையும் சுமார் 1,450 டிகிரி செல்சியஸில் சுட்டு, உருண்டை உருண்டையாக வரும் கிளிங்கரை ஜிப்சத்தோடு அரைக்கிறார்கள். அதில் பாதிக்கும் மேல் ட்ரைகால்சியம் சிலிகேட் என்ற சேர்மம். தண்ணீர் பட்டதும் அது கரைந்து, இரண்டு புதிய பொருள்களாகப் படிகிறது. ஒன்று, கால்சியம் சிலிகேட் ஹைட்ரேட் என்ற மிக நுண்ணிய ஜெல். காங்கிரீட்டின் வலுவெல்லாம் இதுதான். இன்னொன்று கால்சியம் ஹைட்ராக்சைடு, அதாவது நாம் நன்கு அறிந்த நீற்றிய சுண்ணாம்பு.

சிகாகோவில் ஆராய்ந்த டி. சி. பவர்ஸ் இந்த நீரின் கணக்கை 1940களில் அளந்து எழுதினார். 100 கிராம் சிமெண்ட் முழுமையாக வினைபுரிந்தால் சுமார் 23 கிராம் தண்ணீர் வேதிப் பிணைப்பில் சேர்ந்துவிடுகிறது. மேலும் 19 கிராம் அளவு அந்த ஜெல்லின் நுண்துளைகளில் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. தொட்டால் உலர்ந்து, தட்டினால் கணீரென்று ஒலிக்கிற ஒரு முகப்பில் இரண்டு கிலோ சிமெண்ட் இருந்தால், ஏறக்குறைய அரை லிட்டர் தண்ணீர் கல்லாகவே மாறி அதற்குள் உட்கார்ந்திருக்கிறது.

சூடேறினால் இந்தத் தண்ணீர் வந்த வழியே திரும்பப் போகும், படிப்படியாக. 100 டிகிரியை ஒட்டித் துளைகளில் இருக்கும் கட்டற்ற நீர் ஆவியாகிறது. அதற்குமேல் ஜெல் தன் பிணைப்பு நீரைக் கொஞ்சம் கொஞ்சமாக இழந்து சுருங்கும். 400 முதல் 500 டிகிரிக்குள் கால்சியம் ஹைட்ராக்சைடு உடைந்து சுட்ட சுண்ணாம்பாகிறது. 573 டிகிரியில் மணலின் குவார்ட்ஸ் படிகம் வேறொரு வடிவத்துக்குத் தாவி, அந்தத் தாவலில் சட்டென்று பெருக்கிறது. ஜெல் சுருங்கிக்கொண்டிருக்க, உள்ளிருக்கும் மணல் பெருக்கிறது. நுண்விரிசல்கள் இங்கே பிறக்கின்றன.

இந்த வரிசையில் என்னை மிகவும் கவர்வது சுட்ட சுண்ணாம்பின் நடத்தை. தீ அணைந்து காங்கிரீட் குளிர்ந்த பிறகு அது சும்மா இருப்பதில்லை. காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து மறுபடி நீற்றிய சுண்ணாம்பாகிறது; அப்போது அதன் கன அளவு கிட்டத்தட்ட இரட்டிக்கிறது. தீயின்போது விரிசலே காணாத பரப்பு சில நாள் கழித்துப் பொரிந்து உதிர்வது இதனால்தான். வீட்டுக்காரர் மழைக்காலத்தையோ பூச்சின் தரத்தையோ காரணம் சொல்வார். உண்மையான காரணம் போன வாரம் எரித்த தீ.

ஈரம் இன்னும் முரட்டுத்தனமாகவும் வெளியேறக்கூடும். திரவ நீர் நீராவியாகும்போது சுமார் 1,700 மடங்கு இடம் கேட்கிறது. துளைகள் நெருக்கமாக இருந்து, வெப்பமும் வேகமாக ஏறினால், ஆவிக்கு வெளியேற நேரமில்லை. மேல்பரப்பு சில்லுசில்லாகத் தெறிக்கும். இங்கிலாந்தையும் பிரான்சையும் இணைக்கும் கடலடிச் சுரங்கத்தில் 1996 நவம்பர் 18 அன்று லாரிகளை ஏற்றிச் சென்ற ரயிலில் தீப்பிடித்தபோது, சுரங்கத்தின் காங்கிரீட் வளையங்கள் இப்படித்தான் அடுக்கடுக்காக உதிர்ந்தன. அடர்த்தியான, வலுமிக்க காங்கிரீட்தான் இதில் அதிகம் அடிபடுகிறது. பின்னாளில் சுரங்கங்களுக்கு வார்க்கும் காங்கிரீட்டில் பாலிபுரொப்பிலீன் இழைகளைக் கலப்பது பரவலானது. ஏறக்குறைய 165 டிகிரியில் அந்த இழைகள் உருகி, ஆவி வெளியேறத் துளைகள் விட்டுக்கொடுக்கும்.

ஆகவே கணப்பின் உள்ளறையில், விறகு கிடக்கும் இடத்தில், சாதாரணச் சிமெண்ட் பூச்சுக்கு வேலையே இல்லை. எரியும் தணலின் வெப்பம் 800 டிகிரியைத் தொடும். அங்கே தீச்செங்கல்தான் நிற்க வேண்டும். அது அலுமினாவும் சிலிக்காவும் நிறைந்த களிமண்ணை உயர் வெப்பத்தில் சுட்டது. தன்னிடமிருந்த தண்ணீரையெல்லாம் சூளையிலேயே விட்டுவிட்டு வந்தது. அதன் மூட்டுகளுக்கும் தீ தாங்கும் சாந்து தனி. உள்ளறையையும் வார்த்துத்தான் ஆக வேண்டுமென்றால் கால்சியம் அலுமினேட் சிமெண்ட் இருக்கிறது. பிரான்சில் லஃபார்ஜ் நிறுவனத்தின் வேதியியலாளர் ழூல் பிய 1908இல் காப்புரிமை பெற்றது அது. கடல்நீரின் சல்பேட்டுகளைத் தாங்கும் சிமெண்டைத் தேடும் முயற்சியில் பிறந்தது; அது இறுகும்போது கால்சியம் ஹைட்ராக்சைடு உண்டாவதில்லை, எனவே சூட்டில் உடைந்து பின்னால் பொரிய அங்கே எதுவும் இல்லை. உலைகளுக்குள் பூசும் வார்ப்புக் கலவைகள் பலவற்றுக்கும் அடிப்படை இந்தச் சிமெண்ட்தான். பட்ஜெட் வேலையில் அது தேவைப்படாது. உள்ளறையை அப்படியே விட்டுவிடுவதே சரி.

அப்படியானால் தீயறைக்கு ஒரு சாண் தள்ளி முகப்பில் பூசிய போர்ட்லேண்ட் சிமெண்ட் மட்டும் எப்படித் தப்பிக்கிறது? விடை வடிவியலில் இருக்கிறது. தணலிலிருந்து அறைக்கு வரும் வெப்பம் பெரும்பாலும் கதிர்வீச்சு. அது வெப்பநிலையின் நான்காம் அடுக்குக்கு ஏற்ப ஏறும். 400 டிகிரியில் உள்ள ஒரு கரும்பரப்பு சதுர மீட்டருக்குச் சுமார் 12 கிலோவாட் வீசினால், 800 டிகிரியில் உள்ளது 75 கிலோவாட் வீசும். ஆனால் இந்தக் கதிர்கள் நேர்கோட்டில்தான் செல்கின்றன. முகப்பும் கணப்பின் வாயும் ஒரே தளத்தில் இருப்பதால், உள்ளே கிடக்கும் தணலிலிருந்து எந்த நேர்கோடும் முகப்பின் மேல் விழ முடியாது. தணலின் இடத்தில் ஒரு கண்ணை வைத்தால், அதற்கு எதிர்ச்சுவர் தெரியும், கூடத்தின் நாற்காலி தெரியும், முன்தளம் தெரியும். முகப்பு மட்டும் தெரியாது. முகப்புக்கு வரும் சூடு செங்கல்லின் வழியே கடத்தப்பட்டு மெல்ல வருவதும், வாயின் மேல்விளிம்பில் கசிந்து ஏறும் சூடான காற்றுமே.

இந்த ஒரு செய்தியைப் பிடித்துக்கொண்டால், அமெரிக்கக் கட்டட விதிகளில் தொடர்பில்லாமல் கிடப்பதாகத் தோன்றும் எண்கள் பலவும் விளங்கிவிடும். கணப்பின் மேல் சாமான் வைக்கும் மரப்பலகையைப் பாருங்கள். அது முகப்பிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருப்பதால் தீயின் பார்வைக்குள் வந்துவிடுகிறது. எனவே வாயிலிருந்து 6 அங்குலத்துக்குள் மரமே கூடாது. 12 அங்குலம் வரை, ஒவ்வோர் அங்குலத் தொலைவுக்கும் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்குதான் நீட்டலாம் என்கிறது விதி. வாய்க்கு 10 அங்குலம் மேலே பொருத்திய மரச்சட்டம் ஒன்றேகால் அங்குலத்துக்கு மேல் துருத்தக் கூடாது. முன்தளமும் தீயின் பார்வையில் நேராக இருக்கிறது; போதாததற்குத் தெறிக்கும் தணலும் அங்கேதான் விழும். வாய் 6 சதுர அடிக்கு மேல் இருந்தால் தீப்பிடிக்காத தளம் முன்னால் 20 அங்குலமும் பக்கங்களில் 12 அங்குலமும் நீள வேண்டும். நம் கணக்கில் வாய் 7 சதுர அடி. இந்த அளவே பொருந்தும். செலவைக் குறைக்க நினைப்பவர்கள் முன்தளத்தைக் குறுக்கிவிடுவதுண்டு. வேறெங்கே சிக்கனம் பிடித்தாலும் இங்கே பிடிக்கக் கூடாது என்பது என் திடமான கருத்து.

பூசத் தொடங்குமுன் ஒரு மாலை வழக்கம்போல் தீ மூட்டி, வாயின் மேல்விளிம்பிலிருந்து கை அகலத்துக்கு ஓர் இடமாக அகச்சிவப்பு வெப்பமானியால் அளந்து குறித்துக்கொள்வது நல்லது. செங்கல்லும் காங்கிரீட்டும் கதிர்களை நன்றாக வீசும் பரப்புகள் என்பதால் அந்தக் கருவி சரியாகக் காட்டும். பளபளக்கும் பித்தளை விளிம்பில் வைத்தால் தவறாகவே காட்டும். ஒட்டும் தன்மைக்காகவும் வளைந்து கொடுப்பதற்காகவும் மெல்லிய பூச்சுகள் பலவற்றில் பாலிமர் கலந்திருக்கிறார்கள். நீடித்த சூட்டில் முதலில் தளர்வதும் மஞ்சளிப்பதும் அந்தப் பாலிமர்தான். எவ்வளவு தாங்கும் என்பதைத் தயாரிப்பாளரின் தரவுத்தாள் சொல்லும். உங்கள் முகப்பின் எண் அந்த அளவை நெருங்கினால், வாயைச் சுற்றி ஒரு கீற்றுக்கு எஃகுச் சட்டமோ கல்லோ பதித்து, பூச்சை அதற்கு வெளியே நிறுத்துங்கள். அழகும் கெடாது.

வாயின் அளவை மட்டும் மாற்றக் கூடாது. கணப்பு புகையை மேலே இழுப்பது காற்றின் எடை வித்தியாசத்தால். புகைபோக்கிக்குள் சராசரி 150 டிகிரி, வெளியே உறைபனி என்று வைத்துக்கொண்டால், 6 மீட்டர் உயரத்துக்கு உண்டாகும் அழுத்த வேறுபாடு 27 பாஸ்கல்தான். ஒரு வளிமண்டல அழுத்தத்தில் அது ஏறக்குறைய நாலாயிரத்தில் ஒரு பங்கு. இவ்வளவு சிறிய இழுப்பை நம்பித்தான் வீட்டுக்குள் தீ எரிக்கிறோம். புகைக்குழாயின் குறுக்குப் பரப்பு வட்டமானால் வாயின் பரப்பில் 12இல் ஒரு பங்கும், சதுரமானால் 10இல் ஒரு பங்கும் இருக்க வேண்டும் என்ற அளவு இதிலிருந்து வந்தது. பார்வைக்கு நன்றாக இருக்குமென்று வாயின் மேல்வரிசைச் செங்கல்லைப் பெயர்த்து உயர்த்தினால், பழைய குழாய் போதாமல் புகை கூடத்துக்குள் கவிழும். சமையலறையில் வலுவான புகை உறிஞ்சி ஓடும் வீடுகளில் இந்த 27 பாஸ்கலையும் அது எதிர்ப்பக்கம் இழுக்கும்.

வாயின் வடிவத்தை முதன்முதலில் அறிவியலாகப் பார்த்தவர்களில் முக்கியமானவர் ரம்ஃபோர்டு பிரபு என்று அறியப்பட்ட பெஞ்சமின் தாம்சன். மாசசூசெட்ஸில் 1753இல் பிறந்து, பவேரிய அரசில் பெரும் பதவி வகித்தவர். மியூனிக்கில் பீரங்கிக் குழாயைத் துளைக்கும்போது ஓயாமல் வெப்பம் பிறப்பதைக் கண்டு, வெப்பம் ஒரு திரவப் பொருள் என்ற கொள்கையை 1798இல் அசைத்தவர் அவரே. அதற்கு இரண்டாண்டு முன்பு, 1796இல், லண்டன் வீடுகளின் கணப்புகளைத் திருத்துவது பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். அன்றைய கணப்புகள் ஆழமான பெட்டிகளாக இருந்தன. வெப்பம் புகையோடு போய்விடும், அறை புகையால் நிறையும். ரம்ஃபோர்டு ஆழத்தைக் குறைத்தார், பக்கச்சுவர்களைச் சாய்த்து 135 டிகிரிக் கோணத்தில் விரித்தார், புகை ஏறும் தொண்டையை 4 அங்குலமாக ஒடுக்கினார். சாய்ந்த சுவர்கள் தீயைப் பார்த்துச் சூடேறி, அந்தச் சூட்டை அறைக்குள் திரும்ப வீசின. உள்ளிருந்த கட்டுமானத்தைக் கொஞ்சம் செங்கல் வைத்து மாற்றியதோடு சரி. முகப்பை அவர் தொடவில்லை. மலிவான திருத்தத்துக்கு இதைவிடச் சிறந்த முன்னுதாரணம் எனக்குத் தெரியவில்லை. ஊட்டியிலும் கொடைக்கானலிலும் பழைய பங்களாக்களில் கணப்பு இருந்தால் உள்ளே எட்டிப் பாருங்கள். பக்கச்சுவர் சாய்ந்திருந்தால் அது ரம்ஃபோர்டின் வழி.

அவ்வளவு திருத்திய பிறகும் திறந்த கணப்பு அறையைச் சூடாக்குவதில் ஏழைதான். விறகின் வெப்பத்தில் பெரும்பகுதி புகைபோக்கி வழியே போகிறது. வீட்டின் சூடான காற்றையும் கூடவே இழுத்துச் செல்கிறது. எனவே குறைந்த செலவில் புதிதாகக் கணப்பு அமைப்பவர்கள் பலர் இப்போது விறகையே விட்டுவிட்டு மின் கணப்புப் பெட்டிக்கு வருகிறார்கள். அமெரிக்காவின் 120 வோல்ட் இணைப்பில் அது பொதுவாக 1,500 வாட் வரை எடுக்கும். சூடான காற்று முன்பக்கமாக வருவதால் சுற்றியுள்ள சுவர் பெரிதாகச் சூடேறாது. மரச்சட்டம் அடித்து, பலகை அறைந்து, மேலே காங்கிரீட் பூச்சு கொடுக்க ஏற்ற ஏற்பாடு இதுவே. புகைபோக்கி இல்லாத எத்தனால் கணப்பும் விற்கிறது. அதை வாங்குமுன் ஒரு கணக்கு: ஒரு லிட்டர் எத்தனால் எரிந்தால் ஒன்றரைக் கிலோ கார்பன் டை ஆக்சைடும் 900 மில்லிலிட்டருக்குச் சற்று அதிகமான தண்ணீரும் ஆவியாக அதே அறைக்குள்தான் வரும். சாளரத்தைத் திறந்து வைத்தே எரிக்க வேண்டும்.

விறகோ எரிவாயுவோ எரியும் இடத்தில் மரச்சட்டம் பின்னால் இருந்தால் ஆபத்து வேறு வகை. சிமெண்ட் பலகை எரியாது, ஆகவே அதன் பின்னால் உள்ள மரம் பத்திரம் என்று பலர் நம்புகிறார்கள். எரியாத பொருள் வெப்பத்தைக் கடத்தாது என்று எந்த விதியும் இல்லை. சிமெண்ட் பலகை தன் வழியே சூட்டை அனுப்பிக்கொண்டேயிருக்கும். நீண்ட காலம் சூடேறி உலர்ந்து கருகத் தொடங்கிய மரம், புதிய மரத்தைவிட மிகக் குறைந்த வெப்பத்தில் பற்றிக்கொள்ளும். பத்துக் குளிர்காலம் ஒன்றும் நடக்காமல் பதினோராவதில் சுவருக்குள் தீப்பிடிப்பதன் காரணம் இது. அதனால் செங்கல் கணப்பின் முன்னும் பக்கங்களிலும் 2 அங்குலம், பின்னால் 4 அங்குலம் மரத்துக்கும் கட்டுமானத்துக்கும் இடையே வெற்றிடம் விடச் சொல்கிறார்கள். ஆலையில் செய்து வரும் உலோகக் கணப்புகளுக்கு அந்தந்தக் கையேட்டின் அளவே சட்டம். அவற்றின் முகத்தில் காற்று புகும் கீற்றுகள் இருக்கும். பூச்சு அழகாக வர வேண்டுமென்று அவற்றை மூடினால் பெட்டியின் மேல்தகடு சூடு தணியாமல் தவிக்கும்.

பூச்சு வேலையை நம் ஊர்ப் பெயிண்டர்களிடம் சொன்னால் 'பட்டி பார்ப்பதுதானே' என்பார்கள். கை வேலை அதுவேதான், ஆனால் சுவர் வேறு. பழைய செங்கல்லில் படிந்த கரியும் புகைப்பிசினும் சிமெண்டை ஒட்டவிடாது. தேய்த்துக் கழுவி நன்றாக உலரவிட வேண்டும். உப்பு பூத்திருந்தால் புகைபோக்கி வழியே மழைநீர் இறங்குகிறது என்று பொருள். முதலில் அதைச் சரிசெய்ய வேண்டும். யாராவது முன்பே பெயிண்ட் அடித்திருந்தால் அதைச் சுரண்டாமல் பூசக் கூடாது, ஏனெனில் சிமெண்ட் பிடித்துக்கொள்வது செங்கல்லை அல்ல, பெயிண்டை. 1980க்கு முந்தைய வீடுகளில் கணப்பைச் சுற்றி அட்டைபோன்ற சாம்பல் பலகை இருந்தால் உடைக்கவோ தேய்க்கவோ வேண்டாம். அதில் அஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும். ஆய்வகத்தில் பார்த்த பிறகுதான் கை வைக்கலாம்.

செங்கல் தண்ணீரை உறிஞ்சும். உலர்ந்த செங்கல்மேல் மூன்று மில்லிமீட்டர் பூசினால், ஒரு பக்கம் செங்கல்லும் மறுபக்கம் காற்றும் தண்ணீரை எடுத்துக்கொள்ள, சிமெண்ட் வினைபுரிய நீர் மிஞ்சாது. மறுநாள் விரலால் தேய்த்தால் மாவாக வரும். எனவே வெறும் சிமெண்ட் கலவையானால் செங்கல்லை நனைத்து, மேல்நீர் வடிந்து, உள்ளே ஈரம் நிற்கும் தருணத்தில் பூச வேண்டும். பாலிமர் கலந்த கலவைகளுக்கு அவற்றுக்கான பிரைமர் உண்டு. அந்தப் பாலிமர் தண்ணீரைக் கொஞ்ச நேரம் பிடித்து வைக்கவும் செய்கிறது. கரண்டிக்கு இலகுவாக வரட்டுமென்று கலவையில் கூடுதலாகத் தண்ணீர் ஊற்றுவதுதான் இந்த வேலையின் பெரிய சபலம். மிகுந்த நீர் ஆவியானதும் பரப்பு சுருங்கி, கோடையில் வற்றிய ஏரி வண்டலின் பாளங்களாக வெடிக்கும்.

முதல் சுற்றில் செங்கல் மூட்டுகளை மட்டும் நிரப்பி மட்டம் செய்து காயவிடுங்கள். எல்லாவற்றையும் ஒரே தடவையில் மூடினால் மூட்டின் மேல் கனமும் செங்கல்லின் மேல் மெல்லிசுமாக இருக்கும். கனமான இடம் அதிகம் சுருங்கி, காய்ந்ததும் செங்கல் வரிசை நிழலாகத் தெரியும். பிறகு மெல்லிய இரண்டு மூன்று பூச்சுகள். ஒவ்வொன்றிலும் கரண்டியை ஒரே திசையில் இழுக்காமல் மாற்றி மாற்றி இழுத்தால், ஆங்காங்கே கருத்தும் வெளுத்தும் மேகம் படரும். அந்தப் படர்வு இல்லாவிட்டால் காங்கிரீட் என்று கண் நம்பாது. இடையிடையே உப்புத்தாள் போடும்போது பறக்கும் தூளில் படிகச் சிலிக்கா இருக்கிறது. அது நுரையீரலில் தங்கிவிடும். என்95 வகைக்குக் குறையாத முகமூடி கட்டாயம். சிமெண்டின் காரம் தோலைப் புண்ணாக்குவதால் கையுறையும் வேண்டும்.

கடைசியாகக் கறை பிடிக்காதிருக்க ஒரு காப்பு. மேலே படலமாக நிற்கும் அக்ரிலிக் காப்பு பளபளக்கும். ஆனால் சூடான இடத்தில் மஞ்சளிக்கும், உள்ளிருக்கும் ஈரத்தையும் அடைத்துவிடும். துளைக்குள் இறங்கிவிடும் சிலேன் அல்லது சிலிக்கேட் வகை கணப்புக்கு ஏற்றது. இந்த இரண்டில் எதைத் தேர்வது என்று எனக்கு ஐயமே வந்ததில்லை.

விரிசலைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். சிமெண்ட் பூச்சு ஒரு டிகிரி சூட்டுக்கு ஒரு மீட்டரில் ஒரு மில்லிமீட்டரின் நூறில் ஒரு பங்கு நீளும். சுட்ட செங்கல் அதில் பாதியை ஒட்டியே நீளும். ஒன்றரை மீட்டர் அகல முகப்பு 60 டிகிரி சூடேறினால் பூச்சு 0.9 மில்லிமீட்டரும் செங்கல் சுமார் 0.5 மில்லிமீட்டரும் நீள விரும்பும். வாயின் மேல் சுமை தாங்கும் எஃகு லிண்டலோ பூச்சைவிடவும் அதிகம் நீளும். இந்த இழுபறி வந்து குவியும் இடம் வாயின் இரு மேல்மூலைகள். முதல் விரிசல் அங்கிருந்துதான் சாய்வாக ஏறும். பூச்சை லிண்டலின் எஃகு வரை இழுத்து ஒட்டிவிடாமல், சில மில்லிமீட்டர் இடைவெளி விட்டு உயர்வெப்ப சிலிக்கோனால் நிரப்பினால் பெரும்பாலும் தப்பிக்கலாம்.

தயாரிப்பாளர் சொன்ன நாள்கள் முடியும்வரை தீ மூட்ட வேண்டாம். செங்கல் வேலையே புதிதாகச் செய்திருந்தால் நான்கு வாரம் காத்திருப்பது வழக்கம். முதல் தீ கைப்பிடிச் சுள்ளி அளவில் இருக்கட்டும், அடுத்தது கொஞ்சம் பெரிதாக. ஒவ்வொரு முறையும் பழைய இடங்களிலேயே வெப்பமானியை வைத்து, பூசுமுன் குறித்த எண்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள். புகைபோக்கியை ஆண்டுக்கொரு முறை ஆள் வைத்துப் பார்க்க வேண்டும் என்று அமெரிக்கத் தீத்தடுப்புத் தரநிலை சொல்கிறது; கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி இல்லாத வீட்டில் எதையும் எரிக்கவே கூடாது.

மயிரிழை விரிசல் வந்தால் பதற வேண்டாம். அதே கலவையைச் சன்னமாகக் குழைத்துத் தேய்த்து, காய்ந்ததும் உப்புத்தாள் போட்டால் மறைந்துவிடும். மறைத்த விரிசல் அடுத்த குளிர்காலத்தில் அதே இடத்தில் முன்னைவிட அகலமாகத் திறந்தால், லிண்டல் துருப்பிடித்துப் பெருக்கிறதா, அல்லது கணப்பின் அஸ்திவாரம் இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும். அப்போது கலவைப் பையை எடுக்காமல், அனுபவமுள்ள கொத்தனாரை அழைத்து, லிண்டலுக்கு மேலே ஒரு சாண் பூச்சை உடைத்துக் காட்டுங்கள்.